மார்க் அக்காவும் மண்ணெண்ணெய் வரிசையும்

மார்க் அக்கா என்று பெயர் இருக்கிறதே என்று அவளை யாரும் டீச்சர் என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளிக்கூடத்தோடு அவளுக்கு இருந்த உறவெல்லாம் அவள் படிப்போடு சரி. அவள் புள்ளிவிவரத் துறையில் கணக்கெடுப்பாளராக இருந்தவள். அதுவும் பன்னிரண்டு வருஷமாகத் தற்காலிகம். வருஷத்தில் ஒரு மாதம், கையில் அட்டையும் படிவமுமாக வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, "உங்க வாழ்க்கைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?" என்று கேட்பதுதான் அவளுடைய முக்கியமான வேலை. படிவத்தில் அந்தக் கேள்வி ஒன்றரை முழம் இருக்கும். 'தங்களின் தற்போதைய வாழ்க்கையை அனைத்து அம்சங்களையும் கருத்தில் கொண்டு' என்று தொடங்கி அது முடிவதற்குள், கேட்கிறவருக்கு வாழ்க்கையே வெறுத்துவிடும். அவள்தான் அதை மார்க் ஆக்கினாள்.

உலகத்து நாடுகளையெல்லாம் சந்தோஷ வரிசைப்படி அடுக்கிப் பட்டியல் போடுகிறவர்கள் இருக்கிறார்களாம். அதில் நம் நாட்டுக்கு ஒரு நல்ல இடம் பிடித்துவிட வேண்டும் என்பது துறையில் மேலே இருப்பவர்களின் ஆசை. ஜனங்களுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. "பாஸ் மார்க் எவ்வளவு, அதைச் சொல்லுங்க முதல்ல" என்பார் ஒருவர். இன்னொருவர் சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டே "எட்டு!" என்று உரக்கச் சொல்லிவிட்டு, செருப்பு மாட்டும் சாக்கில் வாசல் வரை வந்து, "நாலு போட்டுக்கோங்க" என்று கிசுகிசுப்பார். அதனால்தான் துறை கண்டிப்பான ஒரு விதி வைத்திருந்தது. வீட்டில் வைத்துத்தான் கேட்க வேண்டும், பதில் சொல்பவர் தனியாக இருக்க வேண்டும், பக்கத்தில் வேறு காது இருக்கக் கூடாது.

இப்போது அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. கணவர் ஓட்டும் பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிடும் வேலை. தெருவில் எப்போதாவது பத்து நிமிஷம் மின்சாரம் போனால் போதும், ஆட்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். "வரிசைக் காலம் மாதிரி இருக்கில்ல?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அப்புறம் ஆளுக்கு ஒரு கதை. அந்தக் கஷ்ட காலத்தைப் பற்றிப் பேசும்போது இவர்கள் முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பார்த்தால், ஏதோ எல்லோரும் சேர்ந்து உல்லாசப் பயணம் போய்விட்டு வந்தவர்கள் போலத் தெரியும். மின்சாரம் வந்ததும் எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

அந்தக் காலம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆரம்பித்தது. வெளிநாடுகளில் வாங்கிய கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசாங்கம் கையை விரித்துவிட்டது. செய்தியைக் கேட்டு முதலில் யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை. "நாடு திவால்னா எப்படி? ஆளுங்க வந்து கடலையும் மலையையும் ஜப்தி பண்ணிட்டுப் போவாங்களா?" என்று அவளுடைய கணவர் சிரித்தார். அடுத்த வாரம் கடைகளில் பால் மாவு காணாமல் போனது. அதற்கடுத்த வாரம் டீசல். வேன் வாசலில் நின்றுவிட்டது, அவருடைய சிரிப்பும் நின்றுவிட்டது.

பிறகு கோபம் வந்தது. முதலில் மந்திரிகள் மேல் வந்தது, அது நியாயம். மந்திரிகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்ததால் மெல்ல அது பக்கத்து வீட்டுக்காரர்கள் மேல் இறங்கியது. வங்கியில் காசாளராக இருந்தவர் முந்தின வருஷம் தவணையில் பெரிய டிவி வாங்கியிருந்தார். "இந்த மாதிரி ஆளுங்க வெளிநாட்டுச் சாமானா வாங்கிக் குவிச்சுத்தான் நாடே கவுந்துச்சு" என்று அவர் காதுபடவே பேசினார்கள். பாவம், மனிதர் ஒரு வாரம் டிவி மேல் போர்வையைப் போட்டு மூடி வைத்திருந்தார். அவருடைய மகன் கொடி பிடித்துப் போராட்டத்துக்குப் போனான். இன்னும் சிலர் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போனார்கள். மீதிப் பேர் வரிசைக்குப் போனார்கள்.

பெட்ரோல் பங்கில் தொடங்கிய வரிசை பள்ளிக்கூடச் சுவரைச் சுற்றிக்கொண்டு அவர்கள் தெரு முனை வரை வந்தது. ஒரு பக்கம் வண்டிகள். இன்னொரு பக்கம் மண்ணெண்ணெய்க்கு வந்தவர்கள். கேன்களின் காதுகளில் ஒரே கயிற்றைக் கோத்து வரிசை கலையாமல் கட்டியிருந்தார்கள். காசாளர் தன் வங்கிப் புத்தியைக் காட்டி ஒரு நோட்டுப் போட்டார். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார். இரண்டு முறை ஆள் இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார். ஆனால் அப்படி யார் பெயரையும் அடித்ததில்லை. குளிக்கப் போனவருக்கும் கண்ணயர்ந்தவருக்கும் பக்கத்தில் இருப்பவரே "இருக்கேன்" என்று குரல் கொடுத்துவிடுவார். நாற்பத்தேழாம் நம்பர் கிழவருக்கு ஒரு நாள் மூன்று பேர் சேர்ந்தாற்போல் குரல் கொடுத்தார்கள். காசாளர் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஒருத்தர் போதும்" என்றார்.

அதில் அறுபத்திரண்டாம் நம்பர் தையல்காரம்மா. மூன்று தெரு தள்ளி ஒற்றை அறை வீட்டில் தையல் மிஷினோடு குடியிருந்தவள். ஐம்பது வயதிருக்கும், கணவர் போய் வெகு காலம். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். வரிசையில் மோடா போட்டு உட்கார்ந்து பட்டன் தைப்பாள், விளிம்பு மடிப்பாள். பக்கத்தில் யார் சட்டையில் தையல் விட்டிருந்தாலும், "கழட்டாதீங்க, அப்படியே நில்லுங்க" என்று உடம்பில் இருக்கும்போதே தைத்துக் கொடுத்துவிடுவாள். "இந்தக் கடனை யார் வாங்கினாங்க, எப்போ வாங்கினாங்க, என்னத்துக்கு வாங்கினாங்க, ஒண்ணும் தெரியாது. நான் எங்கயும் கையெழுத்துப் போடல. கட்டறதுக்கு மட்டும் என்னையும் சேர்த்துக்கறாங்க" என்று அவள் சொன்னதற்கு வரிசையே கை தட்டியது.

சொல்லப்போனால் அந்த வருஷம் கணக்கெடுப்பை நிறுத்தியிருக்க வேண்டும். நாடு மூழ்கும்போது யாராவது தண்ணீர் எத்தனை டிகிரி என்று பார்ப்பார்களா? அரசாங்கம் பார்க்கும். மாதக் கடைசிக்குள் இருநூற்றுப் பத்து வீடு முடிக்க வேண்டும் என்று மேற்பார்வையாளர் படிவக் கட்டைக் கொடுத்தார். கூடவே ஒரு நல்ல செய்தியும் சொன்னார். "உங்க நிரந்தர ஆர்டர் மேலே கையெழுத்துக்குப் போயிருக்கும்மா. இந்தத் தடவை சொதப்பிடாதீங்க."

பன்னிரண்டு வருஷம் காத்திருந்த ஆர்டர். அன்று முழுவதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று மாலையே உட்கார்ந்து எல்லாப் படிவத்திலும் மாதம், வார்டு எண், 'நேர்காணல் நடந்த இடம்' என்பதில் 'வீடு' என்ற கட்டத்தில் ஒரு டிக், எல்லாவற்றையும் போட்டு வைத்தாள். ஒவ்வொரு வருஷமும் அவள் செய்வதுதான். வாசலில் நின்று எழுதும் நேரம் மிச்சம். துறையில் எல்லோருமே அப்படித்தான் செய்வார்கள், யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

மறுநாள் கதவைத் தட்டினால் எந்த வீட்டிலும் ஆள் இல்லை. ஒரு வீட்டில் ஒரு சின்னப் பெண் ஜன்னல் வழியாக, "அம்மா வரிசையில, அப்பா இன்னொரு வரிசையில" என்றது. மூன்று நாள் அலைந்து நாலு படிவம்தான் முடிந்தது. நாலாவது நாள், டீசல் வரிசையில் வேனோடு நின்ற கணவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தாள். அவளுடைய பட்டியலில் இருக்கும் அத்தனை வீடும் அங்கே கேனோடு நின்றுகொண்டிருந்தது.

விதி நினைவுக்கு வந்தது, கூடவே மாதக் கடைசியும் நினைவுக்கு வந்தது. அட்டையை எடுத்துக்கொண்டு முதல் ஆளிடம் போனாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நாலு" என்றார். உடனே பின்னாலிருந்து குரல் வந்தது. "யோவ், நாலா? நேத்து நீ பண்ணின கலாட்டாவுல எங்களுக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது. நாலு மார்க் ஆளு மாதிரியா இருக்கே நீ? ஏழு போடுங்கக்கா இவருக்கு." அவர் கொஞ்சம் யோசித்து, "சரி, ஏழுன்னே போடுங்க. இவன் சொல்றதும் சரிதான்" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. ஒருவர் மார்க்குக்கு இருபது பேர் பேரம் பேசினார்கள். குறைத்துச் சொன்னால் சாட்சியோடு திருத்தினார்கள், கூட்டிச் சொன்னால் ஓட்டினார்கள். காசாளர் ஏழு என்றார். அவளுடைய கணவர் தானும் மார்க் போடுவேன் என்று அடம் பிடித்தார், குடும்பத்தாரைக் கேட்கக் கூடாது என்று அவரை விரட்டினாள். தையல்காரம்மா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எட்டு" என்றாள்.

"எட்டா? மண்ணெண்ணெய் வந்துடுச்சா என்ன?" என்று காசாளர் எட்டிப் பார்த்தார்.

"நீங்க உங்க நோட்டைப் பாருங்க. அக்கா, எட்டு எழுதுங்க."

பத்தொன்பது நாளில் இருநூற்றுப் பத்தும் முடிந்தது. அந்தப் பத்தொன்பது நாளை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் ஏக்கமாக இருக்கும். பால் இல்லை, மருந்து இல்லை, வீட்டில் விளக்கு இல்லை. நினைத்து ஏங்க வேண்டிய காலமா அது? ஆனாலும் அவள் ஏங்குகிறாள். காலையில் கண் விழித்ததும் இன்றைக்கு யார் என்ன சொல்லிச் சிரிக்கவைக்கப் போகிறார்கள் என்று ஆவலாக எழுந்த நாட்கள் வாழ்க்கையில் அவளுக்கு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

பிறகு எங்கிருந்தோ ஒரு கப்பல் வந்தது. எரிபொருளுக்கு டோக்கன் முறை வந்தது. கேன்களின் கயிற்றை அவிழ்த்து, ஆளுக்கு ஆள் தங்கள் கேனை எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். தையல்காரம்மா மட்டும் மோடாவைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

இரண்டு மாதம் கழித்துத் தலையில் இடி விழுந்தது. ஒரு மந்திரி டிவியில் தோன்றி, இந்த வார்டின் பெயரையே சொல்லி, முன்பு ஐந்தாக இருந்த சராசரி இப்போது ஏழு என்றார். "நம் மக்கள் இந்தச் சோதனையைச் சிரித்த முகத்தோடு தாங்கிக்கொள்கிறார்கள், கணக்கெடுப்பே சொல்கிறது" என்று அவரும் சிரித்த முகத்தோடு சொன்னார். ஊர் கொதித்தது. மறுநாள் காலை மார்க் அக்கா வீட்டு வாசலில் ஒரு காலிக் கேன் இருந்தது. அதில் '10/10' என்று ஒட்டியிருந்தது. பத்திரிகைகள் கிண்டல் செய்ததும் துறை விழித்துக்கொண்டு மறுபரிசோதனைக்கு ஆள் அனுப்பியது. அவர்கள் விதிப்படி வீட்டுக்கே போய், ஒவ்வொருவரையும் தனியாக வைத்துக் கேட்டார்கள். அதே ஆட்கள் இரண்டு என்றார்கள், மூன்று என்றார்கள். வீட்டில் வைத்து நீங்கள் ஏற்கெனவே பதில் சொன்னீர்களா என்று கேட்டதற்கு, இல்லை, யாரும் வீட்டுக்கு வரவில்லை என்றார்கள். அது உண்மைதானே.

படிவங்களிலோ ஒன்று விடாமல் 'வீடு' என்று டிக். தன் வீட்டு மேஜையில் உட்கார்ந்து தானே நிரப்பிய பொய்க்கணக்கு என்று அவள் மேல் விசாரணை வைத்தார்கள். மேற்பார்வையாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "யாராவது ரெண்டு பேர் வந்து, ஆமா, நாங்கதான் சொன்னோம்னு சொல்லணும்மா. இல்லேன்னா ஆர்டரும் போச்சு, பேரும் போச்சு" என்றார். ஆர்டர் போவதைக்கூட அவள் ஜீரணித்திருப்பாள். பொய் எழுதியவள் என்ற பெயரோடு அதே தெருவில் எப்படி நடமாடுவது?

வீடு வீடாகப் போனாள், இந்த முறை அட்டை இல்லாமல். ஒருவர் ஊருக்குப் போவதாகச் சொல்லி நழுவினார். ஒருவருக்கு ஞாபக மறதி வந்திருந்தது. காசாளர் மட்டும் கதவைச் சாத்தவில்லை. "நான் ஏழு சொன்னேன், இல்லேன்னு சொல்லலக்கா. ஆனா என் பையன் போராட்டத்துல அடி வாங்கிக் கட்டுப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கான். நாடு எரியறப்போ எங்கப்பா சந்தோஷமா இருந்தாருன்னு அவனுக்குத் தெரிஞ்சா, அந்த மூஞ்சியை நான் எப்படிப் பார்க்கறது?"

சந்தோஷமாக இருந்ததை ஒப்புக்கொள்வது திருட்டை ஒப்புக்கொள்வதைவிடக் கஷ்டமாகிவிட்டது.

விசாரணை வார்டு அலுவலகத்துக் கூடத்தில் நடந்தது. சாட்சி சொல்லப் பயந்தவர்கள் வேடிக்கை பார்க்க மட்டும் வந்து சுவரோரமாக நின்றார்கள். விசாரணை அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "உங்க பக்கம் யாராவது இருக்காங்களா?" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது கதவுப் பக்கம் அரவம் கேட்டது. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே தையல்காரம்மா வந்து நின்றாள்.

"அறுபத்திரண்டாம் நம்பருங்க. நான் எட்டு சொன்னேன்."

"வீட்டுலயா?"

"வரிசையில. எல்லாருக்கும் முன்னாடி. இந்தக்கா எழுதினதை நான் பார்த்தேன்."

அதிகாரி காகிதத்தைப் புரட்டினார். "எங்க ஆளு வந்தப்போ மூணுன்னு சொல்லியிருக்கீங்க. அதுல உங்க கையெழுத்தும் இருக்கு. எதும்மா பொய்?"

"ரெண்டும் பொய் இல்லீங்க. அவர் வீட்டுக்கு வந்து கேட்டாரு. வீட்டுல மூணுதான்." அவள் கொஞ்சம் தடுமாறினாள். கூடத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது போலிருந்தது. "வீட்டுல யாருங்க இருக்கா? எங்க வீட்டுக்காரர் போயி பதினாலு வருஷம் ஆச்சு. துணி கொடுக்க வருவாங்க, வாங்கிட்டுப் போவாங்க. சாப்ட்டியா, தூங்கினியான்னு ஒருத்தரும் கேட்டதில்ல. வரிசையில தினமும் கேட்டாங்க. நான் ஒரு வேளை வரலேன்னா, அறுபத்திரண்டு எங்கேன்னு தேடினாங்க. எனக்காக 'இருக்கேன்'னு குரல் கொடுத்தாங்க. அதுக்குப் பத்தே போட்டிருப்பேன். மண்ணெண்ணெய் வரலேங்கறதுக்காக ரெண்டு குறைச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. மார்க் அக்காவுக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு அழுகை வந்தது. சுவரோரத்திலிருந்து காசாளர், தொண்டையைச் செருமி, "நான் ஏழு சொன்னேன்" என்றார். அப்புறம் இன்னும் நாலைந்து பேர்.

பொய்க்கணக்கு இல்லை என்று தீர்ப்பானது. ஆனால் விதி மீறல் விதி மீறல்தான். இருநூற்றுப் பத்துப் படிவமும் செல்லாது, நிரந்தர ஆர்டரும் கிடையாது. அந்த வருஷத்து நாட்டின் சந்தோஷக் கணக்கில் அந்த வார்டு எண்ணுக்குப் பதில் வெறும் கோடாகத்தான் இருக்கிறது. அவளுக்கு அன்று அதில் பெரிய வருத்தம் இல்லை. பெயர் பிழைத்ததே போதும் என்றிருந்தது.

கணவருடைய வேனில்தான் திரும்பினார்கள். தையல்காரம்மாவை அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். அவள் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டே, "உள்ள வாங்களேன் ரெண்டு பேரும். ஒரு வாய் டீ போடறேன்" என்றாள்.

"பள்ளிக்கூடம் விடற நேரம்மா, பிள்ளைங்க நிக்கும்" என்றார் கணவர்.

"இன்னொரு நாள் கண்டிப்பா வரேன்" என்றாள் மார்க் அக்கா.

மனசார வந்த வார்த்தைதான் அது. மறுநாள் போக நினைத்தாள், வேலை தேட வேண்டியிருந்தது. அடுத்த வாரம் மகனுக்குக் காய்ச்சல். கடைகளில் மறுபடி சாமான் வந்தது, மின்சாரம் வந்தது, வேன் தடையில்லாமல் ஓடியது. எல்லோரும் அவரவர் வீட்டுக்குள் போய்விட்டார்கள், அவளும்தான். நாலு மாதம் கழித்து, கணவருடைய கால்சட்டை விளிம்பு பிரிந்ததைச் சாக்காக வைத்துக்கொண்டு போனாள். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்மணி துணி உலர்த்திக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"தையல் அக்காவா? வெளியூர்ல ஒரு தம்பி இருக்காராம், மிஷினை வித்துட்டு அவர் கூடவே போயிட்டாங்களே. எந்த ஊருன்னு தெரியல. மாசம் ஒண்ணாச்சு. உங்ககிட்ட சொல்லலையா?"

"இல்ல" என்றாள் மார்க் அக்கா.

போய்க் கேட்டிருந்தால் தையல்காரம்மா சொல்லியிருப்பாள். அந்த வீட்டில் மூணு என்று தெரிந்த பிறகும், ஊரெல்லாம் கதவைத் தட்டிக் கேட்டவள் அந்த ஒரு கதவைத் தட்டவில்லை. கையில் கால்சட்டையோடு அவள் அந்தப் பூட்டின் முன்னால் வெகு நேரம் நின்றாள்.